மேசைத் தழும்பும் மூன்று வகுப்புகளும்

வாதத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் அம்மா துண்டு மடிப்பாள். அழுக்குத் துண்டையோ ஈரத் துண்டையோ அல்ல, ஏற்கெனவே மடித்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் துண்டைத்தான். அதை எடுத்து, இடது கையால் ஓங்கி ஒரு உதறு உதறி, முகவாய்க்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு முனையை இடுக்கிக்கொண்டு, இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பாள். அதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும், இல்லையென்றால் எதிராளிக்கே சொல்லவந்தது மறந்துபோகும். தோல்வியின் அளவைத் துணியின் அளவை வைத்துக் கணக்கிடலாம் என்பது மூத்த மகளான பெரியவளின் இருபத்து மூன்று வருட அனுபவம். கைத்துண்டு என்றால் சில்லறைத் தோல்வி. குளியல் துண்டு என்றால் உண்மையான தோல்வி. கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடக்கும் கம்பளியை அம்மா வாதத்துக்காக வெளியே எடுத்து யாரும் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அந்தப் பகுதியில் நான்கு மாடிக்கு மேல் வீடு உள்ள எல்லோருக்கும் அவள் லிஃப்ட்டக்கா. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்று, பத்தொன்பது வயதில் ஒரு லிஃப்ட் கம்பெனிக்குத் தரை துடைக்கப் போனவள். மோட்டார் அறையில் துடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே நிற்கிற மெக்கானிக் ஸ்பானர் கேட்பார். இவள் எடுத்துக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் அவர் கேட்பதற்கு முன்பே சரியான ஸ்பானரை நீட்டத் தொடங்கினாள். ஒருநாள் "நானே முடுக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "இடதுகைக்காரி கையில ஸ்பானரக் குடுத்தா நட்டு தானா கழண்டு விழும்" என்று அவர் சிரித்தார். அந்த மெக்கானிக் இப்போது ஓய்வு பெற்று ஏழாவது மாடியில் குடியிருக்கிறார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அம்மாவின் பொறுப்பில்தான் ஓடுகிறது. அவரை எங்கே கண்டாலும் அம்மா விடமாட்டாள். "என்னண்ணே, நட்டெல்லாம் இருக்கா, எண்ணிப் பாத்தீங்களா?" என்பாள்.

தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். பழுது பார்த்து முடிந்ததும் முதலில் வெறும் லிஃப்ட்டை மேலும் கீழும் ஓட்டுவாள். பிறகு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டுவாள். கடைசியில் தானே ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, உச்சிக்குப் போய் இறங்குவாள். அதற்குப் பிறகுதான் பேனா வெளியே வரும். காய்கறி வாங்குவதிலிருந்து கணவனைத் தேர்ந்தெடுத்தது வரை எல்லாமே இந்த முறைதான் என்று அவளே சொல்லுவாள். "ரெண்டு வருஷம் இவரு பஸ்ஸுல போயி வந்துதான் சரின்னு சொன்னேன். பிரேக் போடறத வச்சே ஆளக் கண்டுபிடிச்சிடலாம்." பஸ் ஓட்டுநரான அப்பா இதைக் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பாட்டைக் கவனிப்பார்.

சின்னவள் பள்ளியை விட்டு வீட்டிலேயே படிக்க வந்ததும் இப்படி ஒரு சோதனைக்குப் பிறகுதான். சின்னவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். ஆறாம் வகுப்பில், பாடம் நடக்கும்போது "ஏன்?" என்று கேட்டதற்காக அவள் அடிக்கடி வெளியே நிற்க வைக்கப்பட்டாள். நின்று நின்று, வராந்தா அறிவிப்புப் பலகையில் இருந்ததையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கினாள். தீயணைப்புக் கருவியைக் கையாளும் முறைகூட அதில் அடக்கம். அம்மா ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், யாருக்கும் சொல்லாமல், அந்த வராந்தாவில் மகளுக்குப் பக்கத்தில் மூன்று பாடவேளை நின்று பார்த்தாள். பிறகு தலைமை ஆசிரியரிடம் போய், "வெளிய நிக்கறதுதான் பாடம்னா, எங்க வீட்டுலயும் வாசல் இருக்கு சார். நாங்களே சொல்லிக் குடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவுக்கு வேலை பிற்பகலில்தான். அதனால் காலை நேரம் முழுவதும் வீடு பள்ளியானது. கணக்கும் அறிவியலும் அம்மாவின் பொறுப்பு. மொழிப் பாடங்கள் மாலையில் பெரியவளின் பொறுப்பு.

"இந்த வீட்டுல யாரு வேணாலும் என்ன கேள்வி வேணாலும் கேக்கலாம்" என்று முதல் நாளே அம்மா சட்டம் போட்டாள். கேட்கலாம் என்பதுதான் சட்டம். பதில் வரும் என்று அதில் இல்லை.

வகுப்பு நடப்பது கூடத்து மேசையில். சுவரை ஒட்டிப் போட்ட பெரிய மரமேசை. கதவு வழியாக வெளியே எடுக்க முடியாததால் அது இடம் மாறியதே இல்லை. இடது பக்கம் புத்தக அலமாரி, வலது பக்கம் ஜன்னல், பின்னால் சுவரில் மின் இணைப்பு. அதில்தான் படிப்பார்கள், சாப்பிடுவார்கள், துணி தேய்ப்பார்கள். மேசை நடுவில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஒரு கருப்புத் தழும்பு. நாலு வருடத் தழும்பு. அந்த வீட்டில் தீராத வழக்கு ஒன்று உண்டென்றால் இதுதான்.

நடந்தது இவ்வளவுதான். அன்று பெரியவளுக்குக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. காலை ஏழு மணிக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். அவள் படியிறங்கும்போது கட்டடத்தில் மின்சாரம் போனது. ஏதோ கம்பி வேலை. பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் திரும்ப வந்தது. அப்போது வீட்டில் யாரும் இல்லை. அம்மா ஒன்றரைக்கே வேலைக்குப் போய்விட்டாள், போகும்போது சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். நான்கு மணிக்கு அப்பா வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் புகை. இஸ்திரிப் பெட்டி மேசையில் குப்புறக் கிடந்தது, சுவிட்ச் போட்டபடி இருந்தது.

அம்மா அன்று மாலையே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அயர்ன் பண்ணது ஒருத்திதான். பட்டம் வாங்கப் போறவளுக்கு ஒரு சுவிட்ச அணைக்கத் தெரியல." பெரியவள் "அணைச்சேம்மா" என்றாள். "அணைச்சது ஞாபகம் இருக்கா?" என்று அம்மா கேட்டதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுவிட்ச் அணைப்பதை யார்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? அன்று முதல் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பினால் மூன்று முறை சுவிட்சுகளைத் தொட்டுப் பார்ப்பாள். நான்காவது முறை பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வருவாள். அந்தப் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி அவள். பட்டச் சான்றிதழ் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே தழும்பு.

இப்படி இருக்கும்போதுதான் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போகும்போது, வெளியே யாராவது நடத்தும் தர்க்க வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். எந்த வகுப்பு என்பதைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த காரணத்தைப் படிவத்தில் எழுதி, பத்தாம் தேதி பிள்ளையோடு நேரில் வர வேண்டும். அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் வீட்டுப் படிப்புக்கான அனுமதி ரத்து. ஆண்டின் நடுவில் இடம் இருக்கும் பள்ளி ஒன்றே ஒன்றுதான். ஊருக்கு வெளியே, விடுதியோடு.

சின்னவள் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். "விடுதியில வராந்தா இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். குரலில் கேலி இருந்தது. முகத்தில் இல்லை.

அம்மா கடிதத்தைப் பெரியவளிடம் நீட்டினாள். "நீதான் படிச்சவ. நல்ல வகுப்பா மூணு பாத்துச் சொல்லு. கையெழுத்து நான் போடறேன்."

பெரியவள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். பட்டப்படிப்பில் அவளுக்குத் தர்க்கம் ஒரு தாளாகவே இருந்தது. எண்பத்தொரு மதிப்பெண். முந்தின நாள் முழுவதும் உட்கார்ந்து பெயர்களை உருப்போட்டு எழுதிய எண்பத்தொன்று. அடுத்த வாரமே எல்லாம் ஆவியாகிவிட்டது. எதை வைத்து எதை முடிவு செய்யலாம் என்று அந்த மூன்று வருடத்தில் யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. சட்டத்துக்குள் தொங்குவது தன் படிப்பா தன் ஞாபகசக்தியா என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. இப்போது தங்கை இந்த வீட்டில் இருப்பதா விடுதிக்குப் போவதா என்பது அவள் தேர்வில் இருக்கிறது.

அலுவலகத்தில் வேலை குறைந்த நேரங்களில் தேடி, மூன்றைப் பிடித்தாள். முதலாவது, ஒரு பெரிய கல்வி நிறுவனம் அஞ்சல் வழியாக நடத்துவது. தடித்த புத்தகம், முழுக்கக் குறியீடுகள், முடித்தால் முத்திரை போட்ட சான்றிதழ். இரண்டாவது காணொளி வகுப்பு. பேச்சிலும் விளம்பரத்திலும் இருக்கும் தவறான வாதங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தரும் ஒருவர், கையைக் காலை ஆட்டிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். மூன்றாவதற்குப் பெயர்கூடச் சரியாக இல்லை. ஒரு டீச்சர், எட்டு வாரம், எட்டுப் பிள்ளைகள். எழுதி அனுப்பினால் சிவப்பு மசியில் திருத்தித் திருப்பி அனுப்புவார். சான்றிதழ் கிடையாது. மூன்றிலும் முதல் பாடம் இலவசம்.

"முதலாவதுதான்மா நல்லது. சான்றிதழ் தராங்க" என்றாள் பெரியவள்.

"ஏறிப் பாத்தியா?" என்றாள் அம்மா.

"வகுப்புல எப்படிம்மா ஏறிப் பாக்கறது?"

"வீட்டுல நடந்த ஒரு விஷயத்தக் குடு. எது கரெக்டா ஓடி எங்க போயி நிக்குதுன்னு பாப்போம். மூணுக்கும் ஒரே மூட்டை ஏத்தணும். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

வக்கீல் பேனாவை மேசையில் தட்டினாள். தட்டியது சரியாகத் தழும்பின் மேல். "அப்ப இந்த வழக்கையே ஏத்துவோம்."

"தாராளமா ஏத்து. தீர்ப்புச் சொன்ன கேஸ்தான" என்றாள் அம்மா. சோதனை விதியைப் போட்டவள் அவள்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் வகுப்புக்கு மூன்று நாள் கொடுத்தார்கள். சின்னவள் அம்மாவிடம் வாக்குமூலம் வாங்கி, அதைக் குறியீடுகளாக மாற்றி, பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டாள். அன்று தேய்த்தது ஒருவர்தான். தேய்த்தவர்தான் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். தேய்த்தது அக்கா. முடிவு அச்சுப் பிசகாமல் வந்து விழுந்தது, குற்றவாளி அக்காதான். சான்றிதழ் தரும் வகுப்பு முதல் வேலையாகப் பெரியவளுக்குத்தான் தண்டனை கொடுத்தது.

"பாத்தியா! புத்தகமே சொல்லுது" என்று அம்மா பூரித்துப்போனாள்.

"புத்தகம் எங்கம்மா சொல்லுச்சு? நீ சொன்னத அது திருப்பிச் சொல்லுது."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். தொழில் நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா? "ம்... எட்டுன்னு அமுக்குனா எட்டுக்குப் போகுது. எட்டாவது மாடின்னு ஒண்ணு இருக்கான்னு அது பாக்கல. சரி, அடுத்தது."

இரண்டாவது வகுப்பு வீட்டையே பேச்சற்றதாக்கிவிட்டது. ஒரே ஒரு பாடம்தான் பார்த்தாள் சின்னவள். பார்த்து முடித்ததும் வாயைத் திறப்பவர்கள் மேலெல்லாம் முத்திரை குத்த ஆரம்பித்தாள். "எல்லார் வீட்டுலயும் இப்பத் தூங்கிட்டாங்க" என்று அம்மா சொன்னால், "கூட்டத்தச் சாட்சிக்கு இழுக்காத" என்றாள். "நான் இத்தனை வருஷமா பாக்கறேன்" என்று பெரியவள் ஆரம்பித்தால், "வயசு ஆதாரம் ஆகாது" என்றாள். அப்பா களைத்து வந்து உட்கார்ந்து, "பத்து மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வரேன், கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். "பரிதாபத்தக் காட்டி வாதம் பண்ணக் கூடாதுப்பா."

"நான் வாதம் பண்ணல தாயே. தாகமா இருக்கு."

இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மேசை வழக்கில் அம்மா தரப்பில் ஏழு தவறுகளும் பெரியவள் தரப்பில் ஐந்தும் கண்டுபிடிக்கப்பட்டன. மேசையை எரித்தது யார் என்பது மட்டும் கண்டுபிடிக்கப்படவில்லை. "இது லிஃப்ட்டே இல்லாத கூண்டுல மணிய மட்டும் மாட்டி வச்ச மாதிரி" என்று அம்மா அதை இறக்கிவிட்டாள். அப்பா எழுந்துபோய்த் தானே தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

மூன்றாவது வகுப்பின் முதல் பாடம் ஒரே பக்கம். சின்னவள் உரக்கப் படித்தாள். "கடை திறந்திருந்தால் வாசல் விளக்கு எரியும். வாசல் விளக்கு எரிகிறது. ஆகவே கடை திறந்திருக்கிறது. இது சரியா?"

"சரியில்ல" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கேள்வி அவளுக்கு இல்லை, இருந்தாலும் வந்தது. "போன வாரம்தான் எங்க புதுப் பொண்ணு இதே தப்பப் பண்ணா. கதவு சரியா மூடலன்னா லிஃப்ட் நிக்கும். நிக்கும்ங்கறது நெசம். ஆனா நின்னுபோச்சுன்னா கதவுதான் காரணம்னு எப்படிச் சொல்லுவ? மோட்டாரா இருக்கலாம், கரண்டா இருக்கலாம், ஏழு ஆளு ஏற வேண்டிய இடத்துல பத்து ஆளு ஏறி இருக்கலாம். ஒரு மணி நேரம் கதவையே கழட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. திட்டிட்டு வந்தேன்."

சின்னவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, இங்க வாயேன்."

"என்னடி?"

"அக்கா சுவிட்ச அணைக்காம போயிருந்தா மேசை எரியும். சரியா?"

"சரி."

"மேசை எரிஞ்சிருக்கு."

"ஆமா."

"அதனால அக்காதான் அணைக்காம போனான்னு எப்படிச் சொல்லுவ? நாலு வருஷமா நீ கதவையே கழட்டிக்கிட்டு உக்காந்திருக்க."

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு அலமாரிப் பக்கம் போனாள். குளியல் துண்டு.

பெரியவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் விடுதலை இன்னும் கிடைக்கவில்லை. அவள்தான் என்று சொல்ல முடியாது என்பது வேறு, அவள் இல்லை என்பது வேறு. அவ்வளவு தெரிந்தது அவளுக்கு. எண்பத்தொரு மதிப்பெண்ணில் எங்கோ ஒரு மதிப்பெண் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

சின்னவள் வழக்கு முழுவதையும் மூன்று பக்கத்தில் எழுதி டீச்சருக்கு அனுப்பினாள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. எழுத்துக்களுக்கு மேல் சிவப்புக் கோடுகள் அதிகம் இல்லை. கடைசியில் மட்டும் இரண்டு வரி. "எல்லோரும் நன்றாகப் பேசியிருக்கிறீர்கள். நான்கு வருடத்தில் யாராவது அந்த மேசையைப் பார்த்தீர்களா?"

"இதென்ன கேள்வி? தெனம் அதுலதான சாப்பிடறோம்" என்றாள் அம்மா.

ஆனால் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். தட்டுகளையும் புத்தகங்களையும் ஒதுக்கிவிட்டு, நான்கு பேரும் குனிந்து, முதன்முறையாக அந்தத் தழும்பைத் தழும்பாகப் பார்த்தார்கள். அகலமான அடிப்பாகம் அலமாரிப் பக்கம் இருந்தது. கூர்முனை ஜன்னல் பக்கம் இருந்தது.

பெரியவள்தான் முதலில் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். எதற்கென்று தெரியாமலேயே எடுத்தாள். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றாள். மறுபக்கம் சுவர், வேறு எங்கும் நிற்க முடியாது. வலது கையில் பிடித்து, எப்போதும் தேய்ப்பது போல மேசைமேல் வைத்தாள். கூர்முனை அலமாரியைப் பார்த்தது. தழும்பின் முனைக்கு நேர் எதிராக இருந்தது.

"அப்பா, நீங்க வைங்க."

அப்பா வைத்தார். அலமாரிப் பக்கம். சின்னவள் வைத்தாள். அலமாரிப் பக்கம்.

யாரும் அம்மாவிடம் நீட்டவில்லை. அம்மாவே வாங்கினாள். ஏறிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லையே. இடது கையில் பிடித்து வைத்தாள். முனை ஜன்னலைப் பார்த்தது. தழும்பின் மேல் உறை போட்டது போல உட்கார்ந்தது.



"நான் அன்னைக்கு அயர்ன் பண்ணவே இல்லடி" என்றாள் அம்மா. "சத்தியமா. வேலைக்குப் போற சட்டை கசங்கியே போட்டுட்டுப் போனேன், நல்லா ஞாபகம் இருக்கு. எல்லாரும் கேலி பண்ணாங்க."

"ஏன் கசங்கினதப் போட்டுட்டுப் போன?"

"கரண்டு இல்லையே!"

"கரண்டு இல்லன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் வக்கீல், மெதுவாக. "நீ அயர்ன் பண்ணல, சரி. பண்ணப் பாத்தியா?"

அம்மாவின் கண் எங்கோ போனது. ஒன்றேகால் மணி. அவசரம். சுவிட்சைப் போட்டு, பெட்டியைச் சட்டை மேல் வைத்து, சூடு ஏறவில்லையே என்று இரண்டு தரம் தட்டிப் பார்த்து, யாரோ போனில் கூப்பிட, சட்டையை உருவிக்கொண்டு... அவள் முகத்தில் அந்த ஒன்றேகால் மணி வந்து போனதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

அம்மா உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "கம்பளி" என்றார், ரகசியம் போல.

மறுநாள் பெரியவள் வேலைக்குக் கிளம்பினாள். ஒரு சுவிட்சைத் தொட்டாள். இரண்டாவதைத் தொடப்போய், கையை எடுத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது கால் தானாகத் திரும்பப் பார்த்தது, ஆனால் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நான்கு வருடமாகத் தன்னைப் பற்றித் தான் நம்பி வைத்திருந்தவற்றில் இன்னும் எத்தனை இப்படி யாரோ சொன்னதோ என்று யோசித்துக்கொண்டே போனாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

படிவம் மட்டும் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. ஒன்பதாம் தேதி ஆகியும் அம்மா அதைத் தொடவில்லை. பெரியவளுக்குப் பயம் வந்துவிட்டது. கையெழுத்து அம்மாவுடையது. முதல் வகுப்பு அம்மாவைத்தான் ஜெயிக்க வைத்தது. மூன்றாவது அவளைக் கம்பளி மடிக்க வைத்தது. யாராக இருந்தாலும் எதற்குக் கையெழுத்துப் போடுவார்கள்? முதல் வகுப்புக்குப் போட்டுவிட்டு, நாளைக்கு அதிகாரி காரணம் கேட்டால், சான்றிதழ் தருகிறார்கள் என்று சொல்வதா? அந்த யோசனையை முதலில் சொன்னதே தான்தான் என்பது வேறு உறுத்தியது.

"அம்மா, நான் சொன்னத மறந்துடு. சான்றிதழெல்லாம் வேணாம்."

"நீ சொன்னதுக்காக நான் எதையும் எடுக்கப்போறதில்ல" என்றபடி அம்மா பேனாவை எடுத்தாள். மூன்றாவது வகுப்பின் பெயரை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், எழுத்துக்கூட்டி, இடது கையால், ஒரே வரி எழுதினாள். "ஏறிப் பார்த்தோம். பழுது பார்ப்பவளையே நிறுத்துகிறது. பிரேக் நன்றாக இருக்கிறது."

அதிகாரி அந்த வரியை மூன்று தரம் படித்தார். நான்காவது மாடியில், கோப்புகளுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னவளைப் பார்த்து, "வீட்டுல படிக்கிற பிள்ளைங்க எல்லாருமே ஆளப் பாத்தாக் கூச்சப்படுவாங்க. நீ அப்படித் தெரியலையேம்மா" என்றார்.

"அப்ப அந்த 'எல்லாருமே' இன்னைக்குப் பத்தரை மணியோட முடிஞ்சுபோச்சு சார். இனிமே 'சில பேரு'ன்னுதான் சொல்ல முடியும்."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். விடுதியின் வராந்தா தெரிந்தது.

அதிகாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "நான் பாத்தவங்கள்ல, இதுவரைக்கும்னு சொன்னா?"

"அப்பச் சரி சார். பாத்ததுக்கு நீங்கதான சாட்சி."

அவர் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரேக் கதை என்ன என்று கேட்டார். சின்னவள் மேசை வழக்கை ஆரம்பம் முதல் சொன்னாள். எதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, முனை எந்தப் பக்கம் என்பதெல்லாம் அடக்கம். "முனைய மட்டும் வச்சு உறுதியாச் சொல்ல முடியாது சார். யாராவது திருப்பி வச்சிருக்கலாம். ஆனா இப்போதைக்கு இருக்கற காரணத்துல இதுதான் பலமானது." கேட்டுக்கொண்டே அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கொடுக்கும்போது அம்மாவைப் பார்த்தார்.

"கடைசியில மேசைய எரிச்சது யாரும்மா?"

"விசாரணை நடந்துக்கிட்டு இருக்கு சார்" என்றாள் அம்மா. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

வகுப்பு தொடங்கியது. பிள்ளை எழுதும்போது பெற்றோர் பக்கத்தில் உட்காரலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள், பிறகு நாற்காலியை இழுத்து இன்னும் கிட்டே போட்டாள், மூன்றாவது வாரத்திலிருந்து தனித் தாளில் தானும் எழுதி அனுப்பத் தொடங்கினாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றது அங்கிருந்து தொடர்வது போல இருந்தது. ஒவ்வொரு விடையிலும் ஒரு லிஃப்ட் வரும். டீச்சர் சிவப்பு மசியில் "அருமை, ஆனால் லிஃப்ட் இல்லாமல் ஒருமுறை முயலுங்கள்" என்று எழுதுவார். அம்மா அந்தத் தாள்களையெல்லாம் கருவிப் பைக்குள் ஸ்பானர்களோடு வைத்துக்கொண்டாள்.

எட்டாவது வாரத்துக் கேள்வி, கடைசிக் கேள்வி, ஒரே வரி. "நீங்கள் உறுதியாக நம்பியிருந்த ஒரு முடிவை மாற்றிக்கொண்டதைப் பற்றி, யாரிடம் அதைச் சொன்னீர்கள் என்பதோடு, எழுதுங்கள்."

சின்னவள் அன்றே எழுதி அனுப்பிவிட்டாள். மற்ற பிள்ளைகளும் அனுப்பிவிட்டார்கள். அம்மா ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். பிறகு இன்னொரு வாரம். மூன்றாவது முறை வேலை அதிகம் என்றாள். நேற்று டீச்சரிடமிருந்து ஒரு தாள் வந்தது. சிவப்பு மசியில், "லிஃப்ட்டக்கா, உங்களுடையது மட்டும் இன்னும் வரவில்லை."

தாளைப் பெரியவள்தான் வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல், தழும்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா படித்தாள். பெரியவளை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வருவது போல உதடு பிரிந்தது. பெரியவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், காத்திருந்தாள்.

"அந்தத் துண்டெல்லாம் யாருடி இப்படிக் கண்டபடி அடுக்கினது?" என்று அம்மா அலமாரிப் பக்கம் நடந்தாள்.